கன்றோடு வந்த வண்டு

கேள்வி: பாலைவனத்தில் நிற்கும் பேரீச்சைக்குமா பூச்சித் தொல்லை? அந்த வெயிலை எந்தப் பூச்சி தாங்கும்?
(சென்னை வாசகர்)

பதில்: வெயிலெல்லாம் மரத்துக்கு வெளியேதான். உள்ளே ஈரம், நார், இனிப்புச் சாறு. அதற்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு வெளியே அனல் அடித்தால் என்ன, மணற்புயல் வீசினால் என்ன? பேரீச்சையின் முதல் எதிரியான சிவப்புக் கூன்வண்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்டுக்குள்ளேயே கழித்துவிடுகிறது. ஆராய்ச்சியாளர்களை இத்தனை ஆண்டுகளாக அலைக்கழிப்பதும் அதுதான்: மருந்து உண்டு, பொறி உண்டு, ஆனால் எதிரி கண்ணில் படுவதில்லை.

கேள்வி: எங்கள் தென்னையில் விழும் சிவப்புக் கூன்வண்டும் அரபு நாட்டுப் பேரீச்சையை அழிக்கும் வண்டும் ஒன்றா?
(பொள்ளாச்சி விவசாயி)

பதில்: ஒன்றேதான் ஐயா. உங்கள் தோப்பில் மட்டை வெட்டிய காயத்தை மோப்பம் பிடித்து வந்து முட்டையிடுகிற அதே வண்டு. தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும் அதன் பூர்வீகம். பேரீச்சையைத் தாக்கும் பூச்சி என்று 1917-லேயே பஞ்சாபில் பதிவு செய்திருக்கிறார்கள்.

வளைகுடாவில் அது பெரும் பிரச்சினையானது 1980-களின் நடுவில். 1985-ஐ ஒட்டி ஐக்கிய அரபு அமீரகம், 1987-ல் சவூதி அரேபியாவின் கதீஃப், 1992-ல் எகிப்து, 1990-களின் நடுவில் ஸ்பெயின், 1999-ல் இஸ்ரேலும் ஜோர்டானும், 2004-ல் இத்தாலி, 2006-ல் பிரான்ஸ், 2009-ல் லிபியா. இந்த வரிசையைப் பாருங்கள். காற்று வீசிய திசையில் வண்டு போகவில்லை. வியாபாரம் நடந்த திசையில் போயிருக்கிறது. பேரீச்சையை விதை போட்டு வளர்த்தால் ஆண் மரமா பெண் மரமா, பழம் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவதுதான் காலங்காலமான வழக்கம். அந்தக் கன்றுக்குள் புழு இருந்தால் வெளியே தெரியாது. விலை கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றி, எல்லை தாண்டி, புதுத் தோப்பின் நடுவில் பள்ளம் தோண்டி அதை நட்டுவைக்கிறோம். ஐரோப்பாவுக்கு அழகுக்காக வாங்கிப் போன வளர்ந்த மரங்களோடு போனது. தெருவோரத்திலும் கடற்கரையிலும் ஓட்டல் வாசலிலும் நிற்கும் கேனரித் தீவு ஈச்சமரங்களை அங்கே அது வரிசையாகச் சாய்த்தது.

கேள்வி: வண்டுக்கு இறக்கை எதற்கு? பறக்காதா?
(மதுரை மாணவி)

பதில்: நன்றாகவே பறக்கும். பக்கத்துத் தோப்புக்கு அதுவே போய்க்கொள்ளும். பக்கத்து நாட்டுக்கு நாம்தான் கொண்டுபோய் விடுகிறோம்.

கேள்வி: விரல் நீளம்கூட இல்லாத வண்டு அவ்வளவு பெரிய மரத்தை எப்படிச் சாய்க்கிறது?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: சாய்ப்பது புழு. ஒரு பெண் வண்டு இருநூறு முந்நூறு முட்டை இடும். சில நாட்களில் பொரித்து வரும் புழுவுக்குக் கால் கிடையாது. வலுவான தாடை மட்டும் உண்டு. ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை தண்டைக் குடைந்து தின்னும். பிறகு அந்த மரத்தின் நாரையே சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு, வண்டாக வெளிவரும். முட்டை முதல் வண்டு வரை மூன்று நான்கு மாதம். வெளிவந்த வண்டுகள் அதே மரத்திலேயே இணைசேர்ந்து அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும்.

பேரீச்சையில் பெரும்பாலும் அடித்தண்டின் முதல் ஒரு மீட்டருக்குள், கன்று பிரித்த காயத்தின் வழியாகவே உள்ளே போகிறது. இருபது வயதுக்கு உட்பட்ட மரங்கள் அதற்குப் பிரியம். மேலே பார்த்தால் மட்டை பச்சையாக இருக்கும், குலையும் தொங்கும். கீழே தண்டு கூடாகிக்கொண்டிருக்கும். மரம் முறிந்து விழுந்த பிறகுதான் பல உரிமையாளர்களுக்கு விஷயமே தெரிகிறது. பத்து ஆண்டு தண்ணீர் விட்டு வளர்த்து, காய்க்கத் தொடங்கிய மரம் அப்படிப் போவதைப் பார்ப்பது கொடுமை.

கேள்வி: மருந்து அடித்தால் தீராதா?
(ஈரோடு வாசகர்)

பதில்: அடித்தால் தீராது. உள்ளே செலுத்தினால் ஓரளவு தீரும். தண்டின் மேல் தெளிக்கும் மருந்து ஆழத்தில் இருக்கும் புழுவைத் தொடுவதில்லை. அதனால் தண்டில் துளைபோட்டு, இமாமெக்டின் பென்சோயேட் போன்ற மருந்தை ஊசிபோல் ஏற்றுகிறார்கள்; குடைந்த ஓட்டைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து அடைப்பதும் உண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்த மரம் பிழைத்துவிடும்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, பேரீச்சைத் தண்டு மாமரம், வேப்பமரம் போலப் புதுப்பட்டை வளர்த்துக் காயத்தை மூடிக்கொள்ளாது. போட்ட துளை கடைசிவரை துளைதான். வருடந்தோறும் ஊசி போட்டால் தண்டு சல்லடையாகும். இரண்டாவது, அந்த மரத்தின் பழத்தை மக்கள் சாப்பிடுகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு என்ற கணக்கு தவறக்கூடாது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று எல்லா மரத்துக்கும் ஊசி போடுவது பயத்துக்குச் செய்கிற வைத்தியம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கேள்வி: உள்ளே இருக்கும் புழுவை வெளியே நின்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?
(கோவை பொறியியல் மாணவர்)

பதில்: உங்களைப் போன்றவர்கள் இறங்க வேண்டிய இடம் இதுதான். இந்தத் துறையின் மிகச் சுவையான ஆராய்ச்சி எல்லாம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

புழு மெல்லும்போது சத்தம் வருகிறது. நார் கிழியும் நறநறப்பு. முற்றிய தாக்குதல் என்றால் தண்டில் காது வைத்தாலே கேட்கும்; ஆனால் அப்போது காலம் கடந்திருக்கும். இளம்புழுவின் சத்தத்தைப் பிடிக்க, மருத்துவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைப்பதுபோல, தண்டில் உணர்கருவிகளைப் பொருத்திப் பார்த்தார்கள். வேலை செய்கிறது. ஆனால் ஒரு மரத்துக்கு ஒரு கருவி என்றால் லட்சம் மரத்துக்கு எங்கே போவது?

சவூதியில் துவல் நகரில் உள்ள மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதற்கு அருமையான ஒரு வழி கண்டார்கள். இணையத்துக்குப் பயன்படும் கண்ணாடி இழைக் கேபிளை மரத்துக்கு மரம் தண்டில் சுற்றிக்கொண்டே போவது. ஒரு முனையிலிருந்து லேசர் ஒளியை அனுப்புவது. புழு மெல்லும் அதிர்வு இழையைத் தொட்டால், சிதறித் திரும்பும் ஒளியில் மிக நுண்ணிய மாற்றம் தெரியும். எத்தனையாவது மீட்டரில் அந்த மாற்றம் என்று கணக்கிட்டால் எந்த மரம் என்று தெரிந்துவிடும். தோப்பு முழுவதற்கும் ஒரே கருவி, ஒரே இழை. 2020-ல் வெளியான அவர்கள் ஆய்வில், பன்னிரண்டு நாள் வயதுப் புழுக்களைக்கூட இப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது. காற்றில் மட்டை உரசும் சத்தம், பறவைச் சத்தம், பம்புசெட்டு இரைச்சல் இவற்றிலிருந்து மெல்லும் சத்தத்தைப் பிரித்தெடுக்கக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வென்றதைத் திறந்தவெளித் தோப்பில் மலிவாக வெல்ல வைப்பது இனி பொறியாளர்களின் வேலை. வாருங்கள்.

கேள்வி: கருவி இருக்கட்டும், நாய் கண்டுபிடிக்காதா?
(அதே ஊர், அவருடைய தங்கை)

பதில்: கண்டுபிடிக்கும். புழு தின்ற தண்டு புளித்து ஒரு வாடை விடும். அந்த வாடையை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்கலாம் என்று 2000-ல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நாய்கள் திறமையாகவே செய்தன. உச்சி வெயிலில் அவற்றை நாள் முழுக்க ஓட வைக்க முடியாது என்பதுதான் தடை.

கேள்வி: இனக்கவர்ச்சிப் பொறி வைத்து எல்லாவற்றையும் பிடித்துவிட முடியாதா?
(பட்டுக்கோட்டை விவசாயி)

பதில்: இந்த வண்டின் மணச் சமிக்ஞை எது என்பதை 1993-ல் அடையாளம் கண்டார்கள். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. நல்ல இடம் கிடைத்த ஆண் வண்டு ‘எல்லாரும் வாருங்கள்’ என்று விடும் அழைப்பு அது. ஆணும் வரும், பெண்ணும் வரும். பெண்ணே அதிகம் வரும், அதிலும் முட்டை சுமந்த பெண்கள். அதுதான் நமக்கு லாபம். ஒரு பெண் வண்டு பொறியில் விழுந்தால் இருநூறு புழு பிறக்காமல் போகிறது.

வாளியில் ஓட்டை போட்டு, உள்ளே மணப்பொருள், கொஞ்சம் பேரீச்சம்பழம், தண்ணீர். பழம் புளித்து வரும் வாடையும் மணப்பொருளும் சேர்ந்தால்தான் இழுப்பு. பழமும் தண்ணீரும் காய்ந்துபோனால் அந்தப் பொறி வேலைக்கு ஆகாது, ஆகாததோடு ஆபத்தும்கூட. அழைப்பைக் கேட்டு வந்த வண்டு உள்ளே விழாமல் பக்கத்து மரத்தில் உட்கார்ந்துகொள்ளும். இளமரங்களை ஒட்டிப் பொறி வைக்காதீர்கள் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். வாரமோ இரு வாரமோ கழித்துத் தண்ணீரும் பழமும் மாற்ற ஆள் இல்லை என்றால் பொறி வைக்காமல் இருப்பதே மேல். தண்ணீர் தேவைப்படாத உலர்பொறிகளை உருவாக்குவதிலும் இப்போது மும்முரமாக இருக்கிறார்கள்.

கேள்வி: விஷமில்லாமல், பூச்சியைப் பூச்சியாலேயே வெல்ல வழி இல்லையா?
(புதுச்சேரி இயற்கை விவசாயி)

பதில்: அந்த வழியின் வரலாறே பேரீச்சைத் தோப்பில் இருக்கிறது. டென்மார்க் அரசர் அனுப்பிய அரேபியப் பயணக்குழுவில் சென்ற இயற்கையியலாளர் பீட்டர் ஃபோர்ஸ்கால், ஏமன் நாட்டு விவசாயிகள் மலையிலிருந்து ஒருவகை எறும்புக் கூடுகளைக் கொண்டுவந்து பேரீச்சை மரங்களில் வைப்பதைக் குறித்துவைத்தார். மரத்தைக் கெடுக்கும் வேறொரு எறும்பை இவை வேட்டையாடும். ஃபோர்ஸ்கால் 1763-ல் ஏமனிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே மனிதரான கார்ஸ்டன் நீபூர் அவருடைய குறிப்புகளை 1775-ல் அச்சிட்டார். எழுதப்படிக்கத் தெரியாத எத்தனையோ தலைமுறைகளின் ஆராய்ச்சி அது. ஆய்வுக்கூடம் இல்லை என்பதற்காக அதை ஆராய்ச்சி இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை.

1960-களில் மொரித்தானியச் சோலைகளை வெள்ளைச் செதில்பூச்சி மூடியபோது, ஈரானிலிருந்து ஒரு பொறிவண்டு இனத்தைக் கொண்டுவந்து விட்டார்கள். அது செதில்பூச்சியைத் தின்று பெருகியது. நல்ல வெற்றி.

கூன்வண்டிடம் இது சுலபமில்லை. பொறிவண்டு தண்டைத் துளைத்துப் போகாது. ஆகவே நோயுண்டாக்கும் பவேரியா பாசியானா பூஞ்சையையும், ஸ்டீனர்னீமா என்ற நுண்ணிய நூற்புழுவையும் முயல்கிறார்கள். ஸ்பெயின் ஆய்வுகளில் நூற்புழு நன்றாக வேலை செய்தது. வளைகுடாவின் வெயிலும் வறட்சியும் இரண்டுக்கும் பகை. பூஞ்சைத்தூள் பூசிய வண்டைத் திரும்பப் பறக்கவிட்டு, அது இணைசேரும்போது மற்றவற்றுக்கும் தொற்றவைப்பது இன்னொரு முயற்சி. இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். புழு இருக்கும் இடத்துக்கு வழி தெரிந்த ஒரே ஆள் வண்டுதானே!

கேள்வி: ஆண் வண்டுகளை மலடாக்கி விட்டால் இனமே அழியாதா? கொசுவுக்குச் செய்கிறார்களாமே?
(திருச்சி ஆசிரியை)

பதில்: இதை முதலில் முயன்றவர்களில் நம்மவர்கள் உண்டு. 1970-களில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இந்த வண்டைக் கரும்பில் வளர்த்து, கதிர்வீச்சால் ஆண்களை மலடாக்கிப் பார்த்தார்கள். ஆனால் பெண் வண்டு பல முறை இணைசேரும். பெரும்பாலும் மரத்துக்குள்ளேயே, நாம் விட்ட மலட்டு ஆண் எட்ட முடியாத இடத்தில். அதனால் தோப்பில் அது பலிக்கவில்லை.

இப்போது மரபணுவில் இறங்கியிருக்கிறார்கள். ரியாத்தின் மன்னர் சவூத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வண்டு மணமறியத் தேவையான ஒரு மரபணுவை அடக்கினார்கள். அந்த வண்டுகளுக்குக் கூட்டத்தின் அழைப்பு சரியாக எட்டவில்லை. மூக்கடைத்த வண்டு துணையையும் தேடாது, மரத்தையும் தேடாது. இன்னும் ஆய்வுக்கூட அளவில்தான். தோப்பில் உள்ள வண்டுக்கு அதை எப்படி ஊட்டுவது என்று கண்டுபிடித்தால் பெரிய திருப்பம்.

கேள்வி: எந்த நாடாவது இந்த வண்டை ஜெயித்திருக்கிறதா?
(சேலம் வாசகர்)

பதில்: ஸ்பெயினின் கேனரித் தீவுகள். 2005-ல் வண்டு அங்கே தெரிந்தது. வெளியிலிருந்து ஈச்சமரம் வருவதை அடியோடு தடுத்தார்கள். மரம் மரமாகச் சோதித்தார்கள், பொறி வைத்தார்கள், தாக்குண்ட மரங்களை அழித்தார்கள். 2016-ல் வண்டு ஒழிந்தது என்று அறிவித்தார்கள். புது மருந்து ஒன்றும் கிடையாது. தெரிந்ததை விடாமல் செய்தார்கள். மொரித்தானியாவின் திஜிக்ஜா சோலையில் 2015-ல் வண்டு தெரிந்தபோதும், ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு, உள்ளூர் விவசாயிகளே முன்னின்று அதைத் துடைத்தெடுத்தார்கள். தீவும் தனிச்சோலையும் எல்லை காக்க எளிது என்பது உண்மைதான். ஆனால் 2017 மார்ச்சில் ரோமில் அந்த அமைப்பு நாடுகளைக் கூட்டி வகுத்த திட்டத்திலும் கன்றுப் போக்குவரத்துக் கட்டுப்பாடுதான் முக்கிய இடத்தில் இருக்கிறது.

கேள்வி: கன்றைத் தனிமைப்படுத்துவது என்றால் துறைமுகத்தில் ஒரு கையெழுத்துதானே?
(தூத்துக்குடி வாசகர்)

பதில்: 1927-ல் அமெரிக்கரான வால்டர் ஸ்விங்கிள் மொராக்கோவிலிருந்து மெட்ஜூல் என்ற பேரீச்சை ரகத்தின் 11 கன்றுகளைக் கொண்டுபோனார். அங்கே பேரீச்சையை அழித்துக்கொண்டிருந்த நோய்க்கும், பூச்சிக்கும் பயந்து அவற்றைக் கலிபோர்னியாவுக்குள்ளேயே விடவில்லை. பேரீச்சையே இல்லாத நெவாடாவில் தனியாக நட்டுப் பல ஆண்டு காவல் காத்தார்கள். இரண்டை ஒரு நாய் தோண்டிப் போட்டது. மீதி ஒன்பதும் அவற்றின் கன்றுகளும் 1936-ல்தான் கலிபோர்னியா மண்ணைத் தொட்டன. கையெழுத்து அல்ல, ஒன்பது ஆண்டு.

அவர்கள் அவ்வளவு பயந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு முன் இறக்குமதிக் கன்றுகளோடு வந்த வெள்ளைச் செதில்பூச்சியை ஒழிக்க, மரங்களின் மட்டையை எல்லாம் கழித்து, தண்டைத் தீச்சுவாலையால் பொசுக்க வேண்டியிருந்தது. குருத்து உள்ளே பத்திரமாக இருந்ததால் மரங்கள் மறுபடி துளிர்த்தன.

கேள்வி: கூன்வண்டைத் தவிர வேறு எதிரிகள்?
(வேலூர் வாசகி)

பதில்: ஈராக்கிலும் ஓமானிலும் கேட்டால் தூபாஸ் என்ற தத்துப்பூச்சியைத்தான் முதலில் சொல்வார்கள். வருடத்துக்கு இரண்டு தலைமுறை, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. சாற்றை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகக் கழித்துவிடும். மட்டை, பழம், கீழே நட்ட பயிர் எல்லாம் பிசுக்காகி, அதன்மேல் கரும்பூசணம் படரும். இரண்டு நாடுகளிலும் வானிலிருந்து மருந்து தெளிக்கிறார்கள். அந்த மருந்து இந்தப் பூச்சியின் முட்டையைத் தின்னும் குளவிகளையும் சேர்த்துக் கொல்லும் என்பதுதான் கவலை. நெருக்கமும் நிழலும் உள்ள தோப்பில் இது அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இடைவெளி விட்டு நட்டு, மட்டையைக் கழித்து, காற்றும் வெளிச்சமும் விட்டால் பாதி வேலை முடியும். பிஞ்சிலேயே காயைத் துளைத்துச் சிவக்கவைத்து உதிர்க்கும் சிறு அந்துப்பூச்சியும் உண்டு. குலைக்கு வலைப்பை கட்டுவது அதற்கு உதவும்.

கேள்வி: தருமபுரிப் பக்கம் பேரீச்சை போட்டிருக்கிறேன். எனக்கும் ஆபத்தா?
(அரூர் விவசாயி)

பதில்: உங்களுக்குத்தான் முதலில். வளைகுடாவுக்கு அது விருந்தாளி, நமக்கு உள்ளூர்க்காரர். பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்தே வரும். திசு வளர்ப்புக் கன்று நட்டிருந்தால் தொடக்கம் சுத்தம். ஆனால் அதற்குப் பிறகு வரும் வண்டை அது தடுக்காது. பக்கக்கன்று பிரிக்கும்போதும் மட்டை கழிக்கும்போதும் உண்டாகும் காயத்தை அன்றே மருந்திட்டு மண் பூசி மூடுங்கள். தோப்பில் செத்த தென்னை இருந்தால் அப்படியே விட்டுவைக்காதீர்கள், வெட்டிப் பிளந்து அழியுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கும் பழத்துக்குள் சில சமயம் புழு. இதே புழுவா?
(காரைக்கால் வாசகி)

பதில்: இல்லவே இல்லை. அது கிடங்கில் சேரும் அந்துப்பூச்சியோ சிறு வண்டோ. முன்பு மெத்தில் புரோமைடு புகை போட்டார்கள். ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதை விலக்க வேண்டிவந்தது. மாற்றாக இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பழத்தை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கினார்கள். பூச்சிகள் பழத்தை விட்டு வெளியே ஓடி வந்து சாகின்றன, பழத்துக்கும் கேடில்லை. வீட்டில் நீங்கள் ஃப்ரீஸரில் நான்கு நாள் வைத்தால் போதும்.

கேள்வி: அல் அஹ்சாவில் பேரீச்சைத் தோட்டத்தில் வேலை. முதலாளி என்னைத்தான் மரம் பார்க்கச் சொல்கிறார். எதைப் பார்க்க வேண்டும்?
(பெயர் வெளியிட விரும்பாத இராமநாதபுரம் தம்பி)

பதில்: தம்பி, உலகத்தின் மிகப்பெரிய பேரீச்சைச் சோலை உங்கள் கையில் இருக்கிறது. சுமார் 25 லட்சம் மரங்கள். யுனெஸ்கோ 2018-ல் உலக மரபுச் சின்னம் என்று அறிவித்த இடம். எந்தக் கருவி வந்தாலும் முதலில் மரத்தடியில் குனிவது உங்களைப் போன்றவர்தான்.

அடித்தண்டில் பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து காய்ந்திருக்கிறதா, கள் புளித்தது போல வாடை வருகிறதா, மரத்தூள் போல மென்ற நார் தள்ளியிருக்கிறதா, சுற்றியுள்ள பக்கக்கன்று காரணமில்லாமல் காய்கிறதா, இற்ற மட்டையடியில் நார்க்கூடு கிடக்கிறதா என்று பாருங்கள். காலை வேளையில், கன்றுகளை விலக்கி, மரத்தைச் சுற்றிவந்து பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் அன்றே சொல்லுங்கள். மரத்துக்குக் குறி போட்டுவிடுங்கள். பொறியில் விழும் வண்டுகளை எண்ணித் தேதியோடு எழுதிவையுங்கள். எந்தப் பக்கம் எண்ணிக்கை கூடுகிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்து தேட வேண்டிய மரம் இருக்கும். ஆண் பெண் பிரித்து எழுதினால் ஆய்வாளர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். பிரிப்பது எளிது: நீண்ட மூக்கின் மேற்புறம் தூரிகை போல மயிர் இருந்தால் ஆண், வழவழவென்று இருந்தால் பெண்.